நான் இழுத்துவிடாத தோள்

இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு இரட்டைப் பெண்கள். அதனால் அவர்கள் பிறந்த வருடத்திலிருந்து, காரைக்குடியில் எங்கள் தெருவின் கழுத்துகள், இடுப்புகள், கணுக்கால்கள் எல்லாம் என் வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. காலையில் பால் பொங்குகிற நேரம் பார்த்து வரும். தலையை ஒரு தோளோடு ஒட்டவைத்தாற்போல் சாய்த்துக்கொண்டு யாராவது நிற்பார்கள்.

"அக்கா, தூங்கி எந்திரிச்சா இங்குட்டுத் திரும்பவே மாட்டேங்குது."

"சரி, அங்குட்டே பாத்துக்கிட்டு உக்காருங்க. என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது."

விளக்கெண்ணெயைத் தொட்டு நீவ வேண்டும். எதையோ தேடுவதுபோல் விரலை ஓட்ட வேண்டும். எதிர்பாராத நேரத்தில் ஓர் இழுப்பு, ஒரு சொடுக்கு. கூலி வாங்கக் கூடாது. முடியாது என்று சொல்லவும் கூடாது. இதன் சாத்திரம் அவ்வளவுதான். எனக்கு எலும்பும் தெரியாது, நரம்பும் தெரியாது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் நான். எனக்குத் தெரிந்த கால்கள் எழுத்துகளின் கால்கள்தாம். ஆனாலும் அவர்கள் எழுந்து நின்று, கழுத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்து, "போயிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போனது சுளுக்கா, பயமா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அழுத்தி நீவும்போது என் கட்டைவிரல் அடிமூட்டிலிருந்து மெல்ல நழுவும். சேலை மடிப்புக்குள் கையை மறைத்துத் தொடையில் ஓர் அழுத்து அழுத்தினால் மறுபடி போய் உட்காரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கட்டைவிரலை மடக்கினால் முன்கையில் ஒட்டும். நின்றால் முழங்கால் பின்பக்கமாக வில்போல் வளையும். மாலையானால் காரணமே இல்லாமல் ஒரு களைப்பு வந்து, கொடியில் போட்ட ஈரத்துணியாகத் தொங்குவேன். இதை நோய் என்று நினைத்ததில்லை, வித்தை என்றும் நினைத்ததில்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருப்பதைப் போல எனக்கு இது இருந்தது.

பிள்ளைகள் பிறந்தபோது அது பங்கு பிரிந்தது. மூத்தவளுக்கு என் உடம்பு. இளையவளுக்கு அவள் அப்பா உடம்பு. அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். குனிந்து ஒரு பேட்டரியைத் தூக்கினால் உடம்பிலிருந்து பழைய கட்டில் மாதிரிச் சத்தம் வரும். இளையவள் அதே மரம். சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மூத்தவளோ துணி. கால்களை இரண்டு பக்கமும் பின்னால் மடித்துப் பரப்பித் தரையோடு தரையாக உட்காருவாள். கையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே எங்கேயோ டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அவள் சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

அவளைக் கபடிக்குக் கொண்டுபோனவர் பள்ளிக்கூடத்து பி.டி. சார். நல்ல மனிதர். வெயிலில் காய்ந்து, விசில் ஊதி ஊதிக் கன்னம் ஒட்டிப்போனவர். முதல் நாளே நாலு பெண்கள் சேர்ந்து இவளைப் பிடித்திருக்கிறார்கள். பிடித்த கைகள் பிடித்தபடியே இருக்க, இவள் மட்டும் அதற்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டாளாம்.

"யாத்தே, இது புள்ளயா விலாங்கு மீனா?" என்று சார் விசிலைக் கீழே போட்டுவிட்டாராம். இதை அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். காப்பி ஆறிப்போகிற வரைக்கும் சொன்னார். "அக்கா, இந்த வளைவுக்கு மத்தவளுகளுக்கு நான் வருசக்கணக்கா முதுகுல ஏறி மிதிக்கணும். இவ பொறக்கும்போதே கொண்டாந்துட்டா. சாமி குடுத்தது."

நேமத்தான்பட்டியில் நடந்த ஒரு போட்டியில் நான் அதைக் கண்ணால் பார்த்தேன். செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். இவள் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். கருத்த, உறுதியான ஒரு பெண் இவள் கணுக்காலைப் பிடித்தாள். மற்ற யாராக இருந்தாலும் அதோடு முடிந்தது. இவள் காலைத் திருப்பினாள். பாதம் போகக்கூடாத திசைக்குப் போயிற்று. பிடித்தவள் அதைப் பார்த்துவிட்டு, ஒடித்துவிட்டோமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். இவள் ஒரே பாய்ச்சலில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"தண்ணியப் பிடிச்ச மாதிரில்ல இருக்கு!" என்று ஒருவர் கத்தினார்.

"அப்ப அடுத்த தடவ கொடத்தோட நில்லுங்கடி!" என்று இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பிடித்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மைதானத்தில் சரியானதைப் பார்த்துப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

நழுவத் தெரிந்த உடம்புக்கு நிற்கத் தெரியவில்லை. அது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது கால் எங்கே ஊன்றுகிறது என்று அவளுக்கே நிச்சயமில்லை; குனிந்து பார்த்தால்தான் தெரியும். பார்க்கிற நேரத்தில் கணுக்கால் மடங்கிவிடும். முதல் பாதி ஆட்டத்தில் மின்னல், இரண்டாம் பாதியில் காற்றுப்போன பந்து. சார் அதை மூச்சுத் தம் போதாது என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓடவிட்டார். ஓட்டம் முடிந்ததும் எல்லோரையும் காலை விரித்து உட்காரவைத்து வளைக்கும்போது, இவளை நடுவில் உட்காரவைத்து, "பாருங்கடி, இப்புடி வளையணும்" என்பார். தளர்ந்து கிடந்ததை எல்லோருமாகச் சேர்ந்து இன்னும் தளர்த்திக்கொண்டிருந்தோம். எல்லோருமாக என்றால் நானும்தான். வீங்கிய கணுக்காலோடு அவள் வரும்போது, தெருவுக்குச் செய்வதை அவளுக்கும் செய்தேன். நீவினேன், இழுத்தேன், சொடுக்கினேன்.

பிறகு தோள். முதல் முறை பயிற்சியில் நழுவித் தானாகவே உள்ளே போயிற்று. அப்புறம் புத்தகப் பையை மாட்டும்போது. அப்புறம் தலை வாரும்போது. சீப்பு கூந்தலிலேயே நிற்க, கை மட்டும் கீழே விழுந்து தொங்கும். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து உள்ளே தள்ளிக்கொள்வாள். அந்த "ஒண்ணுமில்ல" என்னை மதுரைக்குப் பஸ் ஏறவைத்தது.

மதுரையில் அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு இவள் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார். கட்டைவிரலை முன்கைக்குக் கொண்டுபோனார். முழங்கை, முழங்கால். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். எல்லாம் நடந்தது. என்னைப் பார்த்து, "நீங்களும் காட்டுங்கம்மா" என்றார். நான் காட்டினேன். இளையவள் ஓரத்தில் நின்று தன் கட்டைவிரலையும் இழுத்துப் பார்த்தாள். அது அசையவே இல்லை.

"இதுக்கு முன்னாடி யாராவது தடவி, இழுத்து விட்டாங்களா?"

"நான்தான்."

"நீங்க வைத்தியம் பாக்குறவங்களா?"

"இல்லம்மா. இரட்டைப் புள்ள பெத்தவ."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "மூட்டைச் சுத்திக் கட்டியிருக்கிற நாரே இவளுக்குப் பிறவியில தளர்வு. அந்த வேலையையும் சதைதான் பாக்குது, அதான் சீக்கிரம் களைச்சுப்போறா. இறுகிக் கெடக்கிறதை இழுக்கலாம். இங்க இறுக்கமே இல்லையேம்மா. இனிமே யாரும் இழுக்கக் கூடாது, வளைக்கக் கூடாது. தோளச் சுத்தி சதைய வலுவாக்கணும். அதுக்குப் பயிற்சி இருக்கு. மாசக்கணக்காகும்."

"அது வரைக்கும் வெளையாடலாமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"இந்த வருஷம் வேணாம்மா."

"இந்த வருசந்தான் டாக்டர். அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும்."

விஷயம் அதுதான். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிற தேர்வு சிவகங்கையில் அடுத்த மாதம் இருந்தது. அதில் தேறினால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, விடிந்ததும் கபடி, பொழுது அடைந்ததும் கபடி. அவளுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. படிப்பு தங்கைக்கு, கபடி தனக்கு என்று வீட்டில் யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, அவளே பிரித்துக்கொண்டாள். இவ்வளவு தளர்ந்த ஓர் உடம்பில் இவ்வளவு இறுக்கமான ஓர் ஆசை எந்த மூட்டில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் வியந்திருக்கிறேன்.

நான் போக வேண்டாம் என்றேன். அவள் போவேன் என்றாள். அவள் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, குளிக்கப் போய்விட்டார். தேர்வுக்கு முந்தின வாரம் தோள் மறுபடி நழுவி, உள்ளே போயும் வலி நிற்கவில்லை. என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தையும் அவளே எடுத்து வந்திருந்தாள்.

"எடுத்து விடும்மா."

"மாட்டேன்."

"ஊருக்கெல்லாம் எடுத்து விடுற. யாருன்னே தெரியாதவுக வந்தாலும் எடுத்து விடுற. எனக்கு மட்டும் ஏன்ம்மா?"

"டாக்டர் சொன்னாகல்ல."

"டாக்டரு வந்து பாடிப் போவாகளா?"

பி.டி. சாரும் வந்தார். இந்த முறை காப்பி வேண்டாம் என்றார். "என்னக்கா, எங்க டீம்ல பாதிப் புள்ளைக சுளுக்கு ஒங்க கையில போனதுதான். பெத்த புள்ளைக்குன்னா மட்டும் கை வலிக்குதா?"

"சார், இது சுளுக்கில்ல."

"எல்லாம் சுளுக்குதான். பேருதான் இங்கிலீசுல வைக்கிறாக."

இளையவள்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தாள். மருந்துக்கடையில் ஒட்டுகிற டேப் வாங்கி வந்து, மூத்தவளின் தோளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். பார்சல் கட்டுவதுபோல் இருந்தது. "மூச்சு விட்டுப் பாருடி." "விடுறேன்டி." "கையத் தூக்கு." "பாதிதான் போகுது." "பாதி போதும். முழுசாத் தூக்குனேன்னா நானே ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்." நான் அடுப்படியிலேயே நின்றேன். கூட நின்றால் சம்மதித்ததாகிவிடும், தடுத்தால் ஒரு வாழ்க்கையைத் தடுத்ததாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வீட்டில் அடுப்படி ஒன்றுதான் இருந்தது.

சிவகங்கைக்கு நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் போனோம். பி.டி. சார் முன்னாலேயே வந்திருந்தார். மைதானம் முழுக்கப் பிள்ளைகள். அம்மாக்கள் வேலியோரம் வேப்பமர நிழலுக்கு அடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் உடல் தேர்வு. ஓட்டத்தில் இவள் நடுவில் வந்தாள். குதிப்பதில் பின்னால் போனாள். ஊன்றி எம்புகிற நேரத்தில் அந்த முழங்கால் பின்னால் வளைந்து பாதி விசையைக் குடித்துவிடும். அப்புறம் உட்கார்ந்து காலை நீட்டி, அளவு போட்ட பெட்டிக்கு மேலே கைகளைத் தள்ளுகிற சோதனை. மற்றவர்கள் முகம் சிவக்கத் தள்ளினார்கள். இவள் சோம்பல் முறிப்பதுபோல் குனிந்தாள். விரல்கள் அளவைத் தாண்டிப் பெட்டியின் விளிம்புக்கு வெளியே போய்த் தொங்கின. அளந்தவர் "சபாஷ்" என்றார். கைதட்டல். எதை என் பிள்ளையின் கேடு என்று தெரிந்துகொண்டேனோ அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

"என்னக்கா குடுத்து வளத்தீக?" என்று பக்கத்தில் நின்ற அம்மா கேட்டாள். பொறாமையில்லாமல் கேட்டாள். நான் என்ன சொல்ல. என்னைத்தான் கொடுத்தேன்.

பிறகு ஆட்டம். கலைத்துப் போட்டு இரண்டு அணியாக்கினார்கள். இவள் பாடிப் போன முதல் இரண்டு பாட்டிலும் புள்ளியோடு திரும்பினாள். தேர்வாளர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லி இவளைக் காட்டினார். எனக்கு வயிற்றில் ஒரு சந்தோஷம் எழுந்ததை மறைக்க மாட்டேன். இவ்வளவு நாள் டாக்டர் பக்கம் நின்ற நான், அந்த ஒரு கணத்தில் கட்சி மாறிவிட்டேன்.

மூன்றாவது பாட்டில் இடுப்பை ஒருத்தி பிடித்தாள். இவள் நடுக்கோட்டைத் தொட வலக்கையை நீட்டினாள். நீட்டிய கையின் மணிக்கட்டை இன்னொருத்தி பிடித்துப் பின்னால் இழுத்தாள். தவறில்லை, ஆட்டம் அப்படித்தான். டேப் கிழிகிற சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. இவள் கத்தவில்லை. எழுந்து உட்கார்ந்து தன் கையைத் தானே பார்த்தாள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இந்த முறை அது தானாக உள்ளே போகவில்லை.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பி.டி. சார் என்னைப் பார்த்துக் கை வீசினார்.

"அக்கா! ஓடியாங்க!" பிறகு அங்கிருந்தவர்களிடம், "இவுகதான் புள்ளையோட அம்மா. இரட்டைப் புள்ள பெத்தவுக. ஒரு இழுப்பு, சரியாயிரும்."

கூட்டம் வழிவிட்டது. அதிகாரிகள்கூட விலகினார்கள், ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தார். எண்ணெய் இருக்கிறதா என்று ஒரு குரல் கேட்டது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்ற சொல் வாய்க்கு வாய் மாறி வேலி வரைக்கும் போவது என் காதில் விழுந்தது. இளையவள் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் நின்றதும், அத்தாட்சி கிடைத்ததுபோல் எல்லோரும் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நான் மண்டியிட்டேன். மூத்தவளின் முகம் முழுக்க வியர்வையும் மண்ணும். "டக்குனு எடுத்து விடும்மா. இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு. அவுக என்னையப் பாத்துட்டாக. எடுத்தா போதும்மா, நான் எறங்கிருவேன்."

அவள் சொன்னது நடந்திருக்கக்கூடும். இழுத்தால் உள்ளே போயிருக்கக்கூடும். இதற்கு முன் போயிருக்கிறது. அல்லது இழுத்த இழுப்பில் உள்ளே ஏதாவது அறுந்து, தலை வாரக்கூட அந்தக் கை மேலே போகாமல் ஆகியிருக்கவும்கூடும். இரண்டில் எது என்று அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. அவளுக்கும் இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாதவள், அந்த நம்பிக்கைக்கு உரிய கைகளை வைத்திருந்தவள் மட்டும்தான்.

அவள் முழங்கையைத் தாங்கி, இழுக்காமல், உடம்போடு சேர்த்தேன். என் தோளில் கிடந்த துண்டால் அந்தக் கையைக் கழுத்தோடு தூளிபோல் கட்டினேன்.

"என்னம்மா பண்ற?"

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்த்தா."

"அம்மா, வேணாம். அம்மா, எடுத்து விடு. அம்மா."

சார் குனிந்து அவள் மணிக்கட்டை நோக்கிக் கையை நீட்டினார். நான் நடுவில் புகுந்தேன். "தொடாதீக சார்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பின்னால் யாரோ, "பெத்தவளா இவ?" என்றார்கள். இவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணை இறக்கினார்கள். விசில் ஒலித்தது. எங்களுக்காக விலகிய கூட்டம் எங்களை மறந்து மறுபடி கூடிக்கொண்டது.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல் தோளை உள்ளே வைத்தார்கள். யாரும் இழுக்காதது நல்லதாகப் போயிற்று என்று அந்த இளம் டாக்டர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். நானாகவும் கேட்கவில்லை, கேட்டு, இழுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிவிட்டால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது.

இளையவள் விட்டுவந்த பையை எடுக்க மைதானத்துக்குத் திரும்பினோம். ஆட்டமெல்லாம் முடிந்து மைக்கில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "வா, போயிருவோம்" என்றேன். அவள் நகரவில்லை. தன் பெயர் வராது என்று தெரிந்தும், எழுந்து நின்று கடைசிப் பெயர் வரை கேட்டாள். நடுவில் அவள் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருத்தியின் பெயர் வந்தது. என் வாசலுக்கு இடுப்புப் பிடிப்போடு வந்துபோன பெண்தான். மூத்தவளால் கைதட்ட முடியாது. ஒரு கை துணிக்கட்டுக்குள் கிடந்தது. பாடிப் போவதற்கு முன் தட்டுவதுபோல் இடக்கையால் தொடையைத் தட்டினாள். பழக்கமில்லாத கை. சத்தம் சரியாக வரவில்லை. இன்னொரு முறை தட்டினாள்.

பஸ்ஸில் இளையவள் நடுவிலும் மூத்தவள் சன்னலோரத்திலும் உட்கார்ந்தார்கள். ஊர் தாண்டியதும் மூத்தவள் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"நீ எடுத்து விட்டிருந்தா நான் எறங்கியிருப்பேன்லம்மா?"

"எறங்கியிருப்ப."

"என்னைய எடுத்திருப்பாகல்ல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் அந்த முகத்துக்கு அவ்வளவு சின்ன உண்மை போதாது என்று பட்டது.

"எடுத்திருப்பாகத்தா," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். காரைக்குடி வரைக்கும், டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இளையவள் மட்டும் தன் கையைக் குறுக்கே நீட்டி, மூத்தவளின் கட்டுப் போட்ட தோள் முன் கம்பியில் இடிக்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.